தூண்டில் படாத மீன்

விடிவதற்கு முன் மெண்டசினோவில்
கடல் இருக்கிறதா என்பதைக்
காதால்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.
மூடுபனி வண்டிக் கண்ணாடிவரை வந்து நிற்கிறது.
தேயோ கூரையிலிருந்து முதலில் என் கயாக்கை அவிழ்க்கிறான்,
பிறகு தன்னுடையதை.
எப்போதும் இந்த வரிசைதான்.

ஒன்பது வருடம் என் தங்கையின் கணவனாக இருந்தான்.
இப்போது இல்லை.
அவனோடுதான் மீன்பிடிக்கப் போகிறேன் என்று
இடலீனாவிடம் நான் சொன்னதில்லை.
அவள் கேட்டதுமில்லை.
ஞாயிறுகளில் அவள் ஃப்ரீசரில் வைத்துவிட்டு வரும்
பொட்டலங்களை மாவில் புரட்டிப் பொரித்துவிடுகிறாள்.
நல்லா இருந்தது என்கிறாள்.

மூன்று அலை தாண்ட வேண்டும்.
முதலாவது மடியை நனைக்கும்.
இரண்டாவது மார்பில் அறையும்.
மூன்றாவது சில நாள் வருவதே இல்லை,
அதற்காகக் குனிந்த முதுகு
நிமிரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

கெல்ப் காட்டின் ஓரத்தில்
ஒரு தண்டை இழுத்துத் தொடைமேல் போட்டுக்கொண்டால்
அதுதான் நங்கூரம்.
தூங்கும் குழந்தையின் கையளவு கனம்.
அந்தப் பக்கம் பசிபிக் முழுவதும்,
இந்தப் பக்கம் இது.

எழுபது அடி.
ஈயம் பாறையைத் தட்டுவது விரலில் கேட்கிறது.
கடித்தது ஒரு நீலப் பாறைமீன், சாண் நீளம் இருக்கலாம்.
சுற்றி ஏற்றும்போது பாதி வழியில் கனத்தது.
கனத்தது என்றால்,
கீழே யாரோ கதவைச் சாத்தியதுபோல.

"லிங்காட்" என்றான் தேயோ, என் கழியின் வளைவைப் பார்த்து.
"உன் மீனைக் கவ்வியிருக்கு.
கொக்கி அது வாயில இல்ல. சுண்டாதே. சும்மா சுத்து."

எதுவும் அதைப் பிடித்திருக்கவில்லை.
வாயைத் திறந்தால் போதும், கடல் அதனுடையது.
திறக்கவில்லை.
முப்பது, இருபது, பத்து,
பச்சை வெளிச்சத்துக்குள் ஏறி வந்தது
யாரோ தெருவில் போட்டுவிட்ட சோபாவின் நிறத்தில்.

நான் பல்செட் செய்பவள்.
பதினெட்டு வருடமாக இந்த ஊரின் வாய்களைப்
பிளாஸ்டர் அச்சில் பார்த்தவள்.
இப்படி ஒன்று என் மேசைக்கு வந்ததில்லை.
வரிசை கிடையாது. கடைவாய் கிடையாது.
மெல்லும் எண்ணமே இல்லாத பற்கள்.
பிடித்துக்கொள்ள மட்டும்.

வலையை நீருக்கடியில் சாய்த்தேன்.
அது என்னைப் பார்த்தது.
கோபமில்லை.
கடை மூடும் நேரத்தில் கையிலிருந்த பொருளைத்
திருப்பி அலமாரியில் வைப்பவர்போல
வாயைத் திறந்து,
போய்விட்டது.

துடுப்பு நழுவும் அளவுக்குச் சிரித்தோம்.
ஒரு கடல்நாய் தலை தூக்கிப் பார்த்துவிட்டு
எங்களை ஒரு பொருட்டாக எண்ணாமல் அமிழ்ந்தது.
பிறகு தேயோ, "இடலீனாகிட்ட
எவ்ளோ பெரிசுன்னு சொல்லுவ?" என்றான்.
அந்தப் பெயரை அவன் வாயால் கேட்டு மூன்று வருடமிருக்கும்.
"அவ கேக்க மாட்டா."
"ம்."
மடியிலிருந்த தண்டைச் சரிசெய்துகொண்டான்.

மிச்சமிருந்தது பாறைமீன்.
விலாவில் இரு பக்கமும் பல் தடம்.
அவசரமாக ஏறிவந்த காற்று உள்ளே உப்பி,
கண்கள் பிதுங்கி, இறைப்பை வாயில் தெரிந்தது.
அப்படியே விட்டால் மிதக்கும்,
கடற்காகங்கள் ஏற்கெனவே கணக்குப் போட்டுவிட்டன.
அதன் உதட்டை இடுக்கியில் மாட்டி
இரண்டு பவுண்டு ஈயத்தோடு இறக்கினேன்.
ஐம்பது அடியில் நீரின் அழுத்தமே
இடுக்கியைத் திறந்துவிடும்
என்று பெட்டியில் அச்சடித்திருந்தது.

நூல் ஓடியது. நின்றது.
பிறகு ஒரு சின்ன உதறல்,
கைகுலுக்கி முடித்தவர் கையை எடுத்துக்கொள்வதுபோல.

"விட்டுடுச்சா?" என்றான் தேயோ.
"விட்டுடுச்சு" என்றேன்.

பனி விலகிக் கரை தெரிந்தது,
அங்கே நாங்கள் வந்த ஒரே வண்டி.
இருவரும் கெல்ப்பை மடியிலிருந்து எடுக்கவில்லை.