சாவி என்னிடம் இருந்தது

விசுவமடுவில் எங்கள் மெதடிஸ்த சேர்ச்.
தகரம் புதிது, சுவர் பழையது.
பதினொரு பேர் வருவோம்,
ஆனி வெயிலென்றால் ஒன்பது.
பாட்டு மட்டும் ஐம்பது பேருக்குக் காணும்.

ஸ்தவாங்கரிலிருந்து காணி பார்க்க வந்த புவனராசா
எல்லைக்கல்லைத் தேடித் தேடி
இங்கேயே தங்கிவிட்டார்.
நோர்வேயில் குவேக்கர் ஆனவராம்.
நண்பர்கள் சபை என்று தமிழில் சொன்னார்.
போதகர் இல்லை, பாட்டில்லை,
அப்பமும் ரசமும் இல்லை,
சும்மா இருப்பார்களாம்.
"சும்மாவோ?" என்றார் பொருளாளர் அருமைத்துரை.
"அதுக்கு என்னத்துக்கு ஞாயிற்றுக்கிழமை?"

முழு வன்னிக்கும் அவர் சபையில் அவர் ஒருவர்.
ஆராதனை முடிய
அரை மணித்தியாலம் உள்ளே இருக்கலாமா என்று கேட்டார்.
இருக்கலாம், சாவி என்னிடம்.
பூட்டுவதற்காக
நானும் இருந்தேன்.

முதல் மாதம் அடுப்பில் வைத்த கறியை நினைத்தேன்.
ஆர்மோனியத்தில் கறையான் தின்ற கட்டைகளை எண்ணினேன்.
பாலை மரத்துக் குரங்கு பாய்ந்து
தகரம் அதிர்ந்தது.
அவர் கண் திறக்கவில்லை.

ஐந்தாம் மாதம் எனக்குக் கோபம் வந்தது.
அண்ணை,
உங்கட அங்க மௌனம் பனி மாதிரி விழுந்திருக்கும்.
எங்களுக்கு அது பங்கருக்குள்ள பழகினது.
மேல வண்டு சுத்தேக்க
பிள்ளையின்ர வாயைப் பொத்தின கை இது.
அதுக்குப் பிறகுதான் நான் இப்பிடி உரத்துப் பாடுறது,
தெரியுமோ?

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
மன்னிப்பும் கேட்கவில்லை.
அடுத்த ஞாயிறு ஒன்பது மணிக்கே வந்து
முன் வாங்கில் நின்று பாடினார்.
சுருதி என்று ஒன்று அவருக்குக் கிடையாது.
கட்டின கிடாய் கயிற்றை இழுப்பது போல ஒரு குரல்,
ஒரு அடியும் விடாமல்.
சின்னப் பெடியள் சிரித்தார்கள்.
அருமைத்துரை பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்தார்.
பிறகு வழக்கம்போல அரை மணித்தியாலம்.
அன்றைக்கு நான் பூட்டுக்காக இருக்கவில்லை.

சேகரத்திலிருந்து கடிதம் வந்தது:
அந்த மனிதர் எந்தக் கணக்கில்?
அங்கத்தவரா, விருந்தினரா,
ஞானஸ்நானம் எங்கே, எப்போது?
அருமைத்துரை இரண்டு நாள் யோசித்துப் பதில் எழுதினார்:
பாடுபவர்.
கொஞ்சம் சத்தமாக.

உள்ளே சொல் ஒன்று எழும்பினால்
எழுந்து நின்று சொல்லலாமாம், அவர்கள் முறையில்.
இரண்டு வருடமாக அவர் எழும்பியதில்லை.

மார்கழியில் ஒரு ஞாயிறு.
இரணைமடு வான்கதவு திறந்து, றோட்டில் வெள்ளம்.
போதகர் பரந்தனோடு திரும்பிவிட்டார்.
வந்தது நாங்கள் இரண்டு பேர்.
பாட மனம் வரவில்லை, மழை பாடிக்கொண்டிருந்தது.
எவ்வளவு நேரம் என்று தெரியாது.
நான் எழுந்து நின்றேன்.
ஒரு பெயரைச் சொன்னேன்.
ஆர்த்திகன்.
இருந்தேன்.

யார் என்று அவர் கேட்கவில்லை.

முடிவில் கை கொடுப்பது அவர்கள் வழக்கம்.
அதுவரை நான் கும்பிட்டுச் சமாளித்தவள்.
அன்று நீட்டினேன்,
பொத்தின அதே கையை.
அவர் கை நனைந்திருந்தது, சைக்கிள் கறள் மணத்தது.

பதிவேட்டில் எழுதினேன்:
பாட்டு இல்லை. பிரசங்கம் இல்லை. வருகை 2.
பிறகு இரண்டை வெட்டி
மூன்று என்று போட்டேன்.

ஈரத்துக்குப் பூட்டு இறுகிக் கிடந்தது.
நான் சாவியைத் திருக, திருக
அவர் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்,
காலையில் பாடாமல் விட்ட பாட்டை
பிழையான ராகத்தில் முணுமுணுத்தபடி.