ஏழாவது கடிதம்

ஓலை எழுதுகிறவன் நான், சந்தியோகு.
முழுகுவதற்கு முன்னிருந்த பெயர்
இந்தக் கதைக்குத் தேவையில்லை.

பெரியவர் காய்ச்சலில் போனபோது
தம்பியார் கோவாவில் இலத்தீன் படித்துக்கொண்டிருந்தார்.
கப்பல் வருமுன்னே அடப்பனார்கள் கூடி
வாளைத் துடைத்து அவருக்கென்று சாத்தி வைத்தார்கள்.
மன்னாரில் இறங்கியவர் தலையில்
மீன்வாய் போலப் பிளந்த வெள்ளைத் தொப்பி.
புவிநல்லன் என்று நாம் அனுப்பிய பிள்ளை
தொம் எரோனிமு ஆண்டகையாய் வந்தார்.

வாளை வை என்று கப்பித்தான் சொல்லவில்லை.
தொப்பியைக் கழற்று என்று அடப்பனாரும் சொல்லவில்லை.
ஆண்டகை தன் ஆள் என்று கோட்டை நினைத்தது.
வன்னியன் தன் ஆள் என்று காடு.

ஒரே விரலில் இரண்டு மோதிரம்:
கீழே கொம்பன் யானை, மேலே சிலுவை.
விடிய பூசை. வெயில் ஏற வழக்கு.
கொம்பன் எத்தனை, அலியன் எத்தனை, தேன்மெழுகு எத்தனை பாரம் என்று
திறைக்கணக்குக் கேட்கையிலும் உதடு செபத்தில் இருக்கும்.
ஒருமுறை யானைப் பட்டியலில்
'தாவீது, வயது முப்பது, புதிது' என்று எழுதிவிட்டேன்.
பாகன் அவன். போன ஞாயிறு ஞானஸ்நானம் பெற்றவன்.
வாசித்தார். திருத்தச் சொல்லவில்லை.
மன்னாரில் எண்ணிப் பார்த்து
ஒரு யானை குறைகிறதென்று ஆள் அனுப்பினார்கள்.

நல்லூரும் திறை கேட்டது அந்த வருடம்.
கண்டியிலிருந்து பாக்குமூட்டையோடு வந்தவன்
மூன்று கிழமை தங்கினான்,
ஒரு பாக்கும் விற்கவில்லை.

ஐப்பசியில் கோட்டையின் கட்டளை:
வீரையடிக் குளக்கட்டில் நிற்கும் ஐயனார் கல்லைப் பிடுங்கு.
முகமில்லாத கல்.
வெளியே முழங்கால் உயரம், கட்டுக்குள்ளே ஓராள் ஆழம்.
அது அசைந்தால் கட்டு இளகும்,
கட்டு இளகினால் கீழே பதினெட்டு ஊர் வயல்.

ஒரே விடியலில் இரண்டு ஓலை சொன்னார்.
கல்லை எடுக்க. அதற்குச் சிலுவை முத்திரை.
தை பிறக்குமட்டும் குளக்கட்டில் மண்வெட்டி போடுகிறவனுக்குக்
கை இருக்காது. அதற்கு யானை.
தலை தூக்கிப் பார்த்தேன்.
"கரி பூசு, எழுத்துத் தெரியவில்லை" என்றார்.

முதல் ஓலையோடு பறங்கிச் சேவகர் நாலு பேர் கட்டில் ஏறினார்கள்.
இரண்டாம் ஓலையோடு காவற்காரர் அவர்களைக் கட்டி இறக்கினார்கள்.
வன்னியன் மேல் ஆண்டகையிடம் முறைப்பாடு.
ஆண்டகை மேல் வன்னியனிடம் முறைப்பாடு.
அதே கதிரை.
தொப்பியோடு ஒரு பக்கத்தைக் கேட்டார்,
தொப்பியை மடியில் வைத்து மற்றப் பக்கத்தைக் கேட்டார்.
பிறகு, மரியாதை குறையாமல் விளக்கம் கேட்டு,
தமக்கே ஒரு கடிதம் எழுதச் சொன்னார்.
பதிலையும் நான்தான் எழுதினேன்.
ஓர் அறைக்குள்ளே ஆறு கடிதம் போய் வந்தன.
கடைசிப் பதிலில் கொஞ்சம் கோபம்கூட இருந்தது.
அதற்குள் மழை பிடித்துவிட்டது.

குளம் நிரம்பி வான் பாய்ந்த இரவு
பந்தமில்லாமல் கட்டில் நடந்தவரை
தாவீது கண்டிருக்கிறான்.
முழங்கால்வரை சேறு, அங்கியெல்லாம் ஈரம்.
கல்லின் முன்னால் நின்றாராம்.
கும்பிட்டாரா, சபித்தாரா?
"இரண்டுமில்லை. காலால் மண்ணை அழுத்திப் பார்த்தார்,
பிறகு இன்னொரு இடத்தில் அழுத்திப் பார்த்தார்."

தையில் தவணை. மார்கழியில்
அண்ணனுக்கு வந்த அதே காய்ச்சல்.
மன்னார்ப் பாதிரி எண்ணெய்ச் செப்போடு வந்தார்.
அடப்பனார் வெறுங்கையோடு வந்து வாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
உயிர் போனபின் விரலைப் பிடித்தார்கள்:
கோட்டைக்கு ஒன்று, காட்டுக்கு ஒன்று.
வீங்கியிருந்தது. நெய் தடவியும் வரவில்லை.
யானை வரவேண்டுமென்றால் சிலுவை முதலில் வரவேண்டும்,
சிலுவையோ யானையை விட்டு அசையவில்லை.

அவர்கள் இழுத்துக்கொண்டிருக்க
நான் வெளியே வந்தேன்.
மடியில் ஏழாவது கடிதம்,
முந்தின நாள் முனகி முனகிச் சொன்னது,
எந்த முத்திரையும் இல்லாதது:

'ஆண்டகைக்கு வன்னியன் எழுதிக்கொள்வது.
குளம் நிறைந்திருக்கிறது.
வேறு விசேஷம் இல்லை.'