சின்ன வட்டம்

வைக்கோல் கட்டைச் சுற்றியிருந்த கறுப்பு பிளாஸ்டிக்
காற்றில் ஒருமுறைதான் படபடத்தது.
அதற்குள் பூர்-முராவின் கடைசிப் பால்பண்ணை
எனக்குப் பின்னால் போய்விட்டது.

இரண்டு வாரையும் சேர்த்து இழுத்தேன்.
தப்பு.
இழுக்க இழுக்க இன்னும் நீண்டது குதிரை,
கழுத்து ஒரு பலகை, காதுகள் படுத்துவிட்டன.
"காப்ரின்!" என்று ஜோஸ்லின் எங்கோ கத்தினாள்;
பனி அந்தப் பெயரைப் பாதியிலேயே தின்றது.

எரிமலைக்குப் போகும் சாலை இடப்பக்கம்.
தார். லாரி. சுற்றுலா பஸ்.
வலக்கையை மட்டும் தொடைவரை இறக்கினேன்,
இடக்கையைப் பிடரியில் புதைத்தேன்.
மூக்கு திரும்பியது. பிறகு தோள். பிறகு
மனமில்லாமல் மீதிக் குதிரை.

வட்டம்.
அதற்குள் சின்ன வட்டம்.
அதற்குள் இன்னொன்று, எரிமலைக் கல்லில் லாடம் உரச.

பேசிக்கொண்டே இரு என்பார்கள். என்ன பேச?
"தூஸ்மான், தூஸ்மான்" என்றேன், நாக்கு ஒட்டிக்கொண்டது.
பிறகு சந்தைக் கணக்கைச் சொன்னேன்:
உருளை மூன்று கிலோ, சௌசௌ இரண்டு,
சினிமாலே கடையில் பாக்கி பதினாறு யூரோ,
அதில் நான்கு யூரோ நான் வாங்காத மிளகாய்க்கு.
ஒரு காது என் பக்கம் திரும்பியது.
அடுத்தவர் கடன் எல்லாருக்கும் சுவைதான்.

நின்றது.
என் முழங்கால்தான் நிற்கவில்லை,
சேணத்தோல் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது.
இறங்கி விலாவில் நெற்றியை வைத்தேன்:
ஈரம், ஆவி, உள்ளே
யாரோ அவசரமாகக் கதவு தட்டுகிறார்கள்.

திரும்பும் வழியில் அந்த பிளாஸ்டிக்கை
முகர்ந்து பார்க்க விட்டேன்.
ஒரு முனையைக் கடித்தது. துப்பியது.
மறுபடி காற்று.
துள்ளியது நான்தான்.