வெறும் வயிறு

"கோமதி" என்று கூப்பிடுகிறார்கள்.
காவலர் பெண்கள் வரிசையைப் பார்க்கிறார்,
நான் எழுந்து போகிறேன்.
கோமதிநாயகம் முழுசாக நுழையாது
இந்த ஊர்க் கணினியில்.

ஃபஹாஹீலிலிருந்து இரண்டு பஸ்,
மூன்று மாதத்துக்கு ஒரு குழாய் ரத்தம்.
நர்ஸ் மார்த்தாண்டத்துக்காரி.
அரபியில் அச்சடித்த கேள்விகளை
நம் பேச்சுக்கு மாற்றிக் கேட்கிறாள்.
சிகரெட்?
உண்டு. இருந்தது.
எதுவாம், அண்ணே?
சட்டைப் பையில் ஒன்று இருக்கிறது, பற்றவைப்பதில்லை.
ஆம் கட்டத்துக்கும் இல்லை கட்டத்துக்கும் நடுவில்
டிக் போடுகிறாள்.
தூக்கம்?
எட்டுப் பேர் அறை, எட்டு அலாரம்.
தின்னர், பெயின்ட் வாடையில் எத்தனை வருஷம்?
பதினொன்று.
முகமூடி போடுவீங்களா?
இன்ஸ்பெக்‌ஷன் வரும் நாளில்.

டாக்டர் திரையைப் பார்த்துச் சிரித்தார்.
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம் மூன்று.
உன் ரத்தம் அடங்கிவிட்டது, என்றார்.
என்றுவிட்டு விரலை மடக்கினார்:
கொழுப்பு, சர்க்கரை, பிரஷர், இடுப்புச் சுற்று.
அடக்கி வைக்கிற மாத்திரையே
இதயக் குழாயில் கொஞ்சம் கை வைக்குமாம்,
பரோட்டா அதற்கு ஏணி பிடிக்கக் கூடாதாம்.
பெரிய திருடன் பிடிபட்டுவிட்டான்.
இனி நான் வீட்டு ஆட்களைக்
கவனிக்க வேண்டும்.

காலை ஏழு, மாலை ஏழு.
முன்னால் இரண்டு மணி நேரம் எதுவும் கூடாது,
பின்னால் ஒரு மணி நேரம் எதுவும் கூடாது.
ஆறரைக்கு சைட்டில் சாயா வரும்,
எனக்கு வேண்டாம் என்பேன்.
கேஸ் டிரபிள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.
எட்டுப் பேர் அறையில் அதற்கு மேல்
யாரும் விவரம் கேட்பதில்லை.
பம்ப்ளிமாஸ் தொடவே கூடாது.
பதினாறு வருஷத்தில் நான் அதைத் தின்றதில்லை,
சொன்ன நாளிலிருந்து
எல்லாக் கடை வாசலிலும்
சிவக்கச் சிவக்க வெட்டி வைத்திருக்கிறான்.

நோன்பு மாதத்தில் ஷொஃபிகுல்
பாங்கு கேட்டதும் கையில் பேரீச்சம்பழம் வைத்தான்.
எட்டு மணி வரை உள்ளங்கையிலேயே இருந்தது,
பிசுபிசுவென்று, உயிருள்ளதைப் போல.

கடலோரம் நட என்றார் டாக்டர்.
ராத்திரி பத்துக்கும் காற்று கொதிக்கிறது.
தூரத்து ஆலையின் தீ
தண்ணீரில் ஆரஞ்சாக ஆட
நான் ஐயாயிரம் அடி எண்ணி முடிக்கிறேன்.
கம்பெனிக்குத் தெரியாது.
விசா புதுப்பிக்க எடுக்கும் ரத்தத்தில்
இதையும் தேடுவார்களோ என்று
ஒவ்வொரு முறையும் கை நீட்டும்போது
முஷ்டி தானாக இறுகும்.

ஆவுடைச்செல்விக்கும் தெரியாது.
முதல் மாத்திரையில் கண்ணைச் சுற்றி வீங்கியபோது
நல்லா சதை போட்டிருக்கீங்க என்றாள் வீடியோவில்.
பிறகு மாத்திரை மாற்றினார்கள், சதை போனது,
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
இந்தத் தடவை பார்சலில்
கூழ்வற்றல் இல்லை, நெத்திலிக் கருவாடு இல்லை.
கேப்பை மாவு, கொள்ளு, கொஞ்சம் வெந்தயம்.
வீடு கட்டுவதில் கையை இறுக்குகிறாள்
என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று ஏழே முக்காலுக்குக் கூப்பிட்டாள்.
ஷொஃபிகுல் நீட்டிய கடலை வாயில் இருந்தது,
யோசிக்காமல் போட்டுவிட்டேன்.
இன்னும் எட்டு ஆகலையே,
அதுக்குள்ள என்ன மெல்லுதீங்க?
என்றாள்.
எட்டா? என்ன எட்டு?
ஜன்னல் பக்கம் மாத்திரை அட்டை கிடந்துச்சு,
போன ஆடியிலயே பார்த்தேன்.
பேரை எழுதிக்கிட்டுப் போயி
மெடிக்கல்ல கேட்டேன்.

கடலையைக் கையில் துப்பினேன்.
பதினைந்து நிமிஷம் பாக்கி.
நான் ஒன்றும் சொல்லவில்லை,
அவளும் போனை வைக்கவில்லை.
அங்கே மின்விசிறி கிர்கிர் என்றது.
இங்கே யாரோ வெங்காயம் தாளித்தார்கள்.
எட்டு அடிக்கப் போகும் நேரத்தில்
கண்ணைச் சுருக்கிக்கொண்டு
திரைக்குப் பக்கத்தில் வந்தாள்.
சட்டைப் பையில என்னது, வெள்ளையா?