ஐந்தடி

கானாடுகாத்தான் விடுதியில்
சுற்றுலாக்காரர்களைச் சுமந்து சலித்த
நாலு சக்கர பைக்கைப்
பாதி விலைக்கு வாங்கிவந்தது புதுவயல் மில்.
சிவப்பு நிறம். இருக்கையில் கிழிசல்.
ஹாரன் மட்டும் புதுசு.

முன்னால் ஒரு தகடு மாட்டினால்
களத்து நெல்லைத் தள்ளும் என்பது முடிவு.
எத்தனை அடித் தகடு என்பதில்தான்
மூன்று நாளாகப் பேச்சு.

"ஆறடி போடுப்பா" என்றார் மெய்யம்மை.
மில் அவருடையது.
இந்தப் பக்கம் எதையும்
சிறிசாகக் கேட்டுப் பழக்கமில்லை.

செக்காலைப் பட்டறையில் மரியதாஸ்
மாப்பிள்ளை பார்ப்பவன்போல
வண்டியைச் சுற்றிவந்தான்.
"இது இழுக்குற வண்டி இல்ல ஆச்சி, ஓடுற வண்டி.
காஞ்ச நெல்லுன்னா ஆறடி தள்ளும்.
அவிச்ச ஈரநெல்லு முன்னால நின்னா
சக்கரம் சுத்தும், வண்டி நிக்கும்."

நான் கணக்கு எழுதுகிறவன்.
நாலடி போதுமே என்றேன்.
தகடு கம்மி, கூலி கம்மி.

அவன் பதில் சொல்லவில்லை.
சாக்கட்டியால் தரையில் கோடு போட்டான்,
நாலடி, நேராக.
பக்கத்தில் அதே நாலடியைச் சாய்த்து.
நெல் ஓரமாய் ஒதுங்க வேண்டுமென்றால்
தகடு சாய்ந்துதான் நிற்க வேண்டும்.
சாய்ந்த கோடு அடைத்த இடத்தை
டேப்பால் குறுக்கே அளந்தான்:
மூன்றடி ஐந்தரை அங்குலம்.
வண்டியின் அகலம் மூன்றடி பத்து.
"மிச்சத்த உங்க சக்கரமே மிதிக்கும்.
மில்லுக்குள்ள போகாமயே குருணை."

கொஞ்ச நேரம்
அந்தச் சாய்கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
பன்னிரண்டு வருஷமாக
நேராக நிற்கும்போதுதான்
எல்லாவற்றையும் அளந்து எழுதியிருக்கிறேன்.

மெய்யம்மைக்கு ஆறடி ஆசை விடவில்லை.
கிட்டங்கிக் கதவை அளந்து காட்ட வேண்டியதாயிற்று:
ஐந்தடி எட்டு அங்குலம்.
வீட்டு நிலையில் யானை நுழையும்;
கிட்டங்கியில் மூட்டை நுழைந்தால் போதுமென்று
யாரோ கட்டியது.

ஐந்தடி.
அடியில் பழைய கன்வேயர் பெல்ட் ரப்பர்
அரை அங்குலம் தொங்கலாக,
இரும்பு சிமெண்டைப் பிறாண்டாமல்.

ஐப்பசி. மூன்று மணிக்கு
அறந்தாங்கிப் பக்கம் கறுத்தது.
ஓட்டியது பஞ்சவர்ணம்.
களத்தில் டி.வி.எஸ். ஓட்டத் தெரிந்தவள்
அவள் ஒருத்திதான்.
எடுத்ததுமே ஹாரன் அடித்தாள்;
குறுக்கே புறாக்கள்தான் நின்றன.

நெல் மடிந்தது, உருண்டது,
தகட்டின் வலது காதில் வழிந்து
வரப்பாய் நின்றது.
சக்கரத் தடம் வெறும் சிமெண்ட்.
இறங்கிக் குனிந்து பார்த்தேன்,
ஒரு மணி உடையவில்லை.
நாலு மூலை மட்டும் வரவில்லை.
வளைந்து திரும்பும் வண்டிக்குச்
சதுரக் களத்தின் மூலை
எந்த அளவிலும் அகப்படாது.

துடைப்பத்தோடு ஓடினோம்,
மெய்யம்மை ஒரு மூலைக்கு,
நான் ஒன்றுக்கு.
பஞ்சவர்ணம் இறங்காமலே
"வெரசா, வெரசா" என்று கத்தினாள்,
முதலாளி யாரென்று பாராமல்.

இதுவரை பார்க்காத உயரத்தில்
ஒரே குவியல்.
முதல் துளி விழுந்தபோது,
இழுத்துப் பிடித்த தார்ப்பாய்
பாதி மேட்டில் நின்றுவிட்டது.
அது எத்தனை அடியென்று
யாரும் கேட்டிருக்கவில்லை.