தன்மை ஒருமை

பீல் நகரில், மூடிய கடிகாரத் தொழிற்சாலையின் பின்வளவில்
சனிக்கிழமை காலை பதினொரு சோடி ரப்பர் சப்பாத்து.
வீட்டுத்தோட்ட வகுப்பு. நஞ்சில்லாமல்.
செவரினுக்கு இருபத்தெட்டு வயது,
பேசும்போது கையில் எப்போதும் ஒரு பிடி மண்.
நான் மொழிபெயர்க்க வந்தவள்.
மணிக்கணக்கில் கூலி, நகரசபை தரும்.

வழக்கமாய் நான் நிற்பது
பல்வைத்தியர் அறை, பள்ளிக்கூடக் கூட்டம்,
ஒருமுறை ஒரு விவாகரத்து.
அங்கெல்லாம் தடுக்காத நாக்கு
இங்கே முதல் மூட்டையிலேயே தடுக்கியது.

கடையில் விற்கும் கறுப்பு மண்ணை வாங்காதீர்கள் என்றாள்.
சதுப்பில் செத்த பாசி மக்காமல் கிடந்து
வருடத்துக்கு ஒரு மில்லிமீற்றராய்த் தடித்தது அது,
வெட்டினால் சதுப்பும் போய்விடும்.
பெயர் தெரியாமல் நான் "கிழட்டு மண்" என்றேன்.
"அப்ப விலை குறைப்பினமோ?" தயாபரன் கேட்டார்.
சிரிப்பு அடங்கும்வரை செவரின் என்னையே பார்த்தபடி.
அதையும் பெயர்த்துக் கொடுத்தேன்.

பிறகு உக்கும் வாளி.
தேயிலைச் சக்கை, முட்டைக்கோது, வெங்காயத்தோல், சரி.
மீன்தலை? கூடாது, எலி வரும்.
நண்டுக்கோது?
செவரினே கொஞ்சம் யோசித்தாள்.
யோகமலர் நாலாம் மாடி;
குசினிக்குள் புழுப்பெட்டி வைத்தால்
மனுசன் வீட்டைவிட்டுப் போய்விடுவார் என்றாள்.
சற்றுப் பொறுத்து,
பெட்டி என்ன விலை என்று கேட்டாள்.

பாத்திக்குப் போனோம்.
ஒரு நெட்டைப் பூண்டைக் காட்டி
இதை வேண்டாத செடி என்று சொல்லவேண்டாம்,
கூட வந்த செடி என்று சொல்லிப் பழகுங்கள் என்றாள்.
தமிழ் எனக்குக் கைகொடுத்தது:
களை என்றால் வயலில் பிடுங்குவதும்தான்,
முகத்தில் சொட்டுவதும்தான்.
அதைப் பிரெஞ்சில் விளக்கப்போய்
ஐந்து நிமிடம் வீண். மழை தூறத் தொடங்கியது.

அப்போதுதான் நகுலேஸ்வரி வாயைத் திறந்தா,
அதுவரை குடைக்குள்ளேயே நின்றவ.
"நான் நீலக் குறுணி போட்டனான்.
கத்தரிக்கண்டை ஓடில்லா நத்தை தின்னுதெண்டு.
மூண்டாம் நாள் வேலியோரம் ஒரு முள்ளெலி,
சுருண்டு, சின்னப் பந்துமாதிரி.
உயிரில்லை.
ஆருக்கும் சொல்லேல்லை."

எங்கள் தொழிலில் ஒரு விதி:
"அவர் சொல்கிறார்" என்று சொல்லக்கூடாது.
சொன்னவரின் வாயாகவே நிற்கவேண்டும்.
தன்மை, ஒருமை.
எத்தனை பேருடைய பல் எனக்கு வலித்திருக்கிறது,
யாரோ ஒருத்தியின் கணவனை
நான் இனி வேண்டாமென்றிருக்கிறேன்.
ஒன்றும் ஒட்டியதில்லை,
படியிறங்கும்போதே உதிர்ந்துவிடும்.

நான் போட்டேன், என்றேன் பிரெஞ்சில்.
நீலக் குறுணி. நத்தைக்கு.
முள்ளெலி செத்துக் கிடந்தது.
நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.
குரல் நடுவில் பிசிறியதை
மழையில் யாரும் கவனித்திருக்கமாட்டார்கள்.

செவரின் திட்டவில்லை.
நனைந்த பலகையொன்றைப் புரட்டி
சிறுத்தைப் புள்ளி போட்ட நீள நத்தையொன்றைக் காட்டினாள்:
இது மற்ற நத்தைகளின் முட்டையைத் தின்னும், விட்டுவிடுங்கள்.
பலகையைப் பழையபடி மூடினாள், கூரை மூடுவதுபோல.
மிச்சக் குறுணியைக் குப்பையில் கொட்டாமல்
வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.
அதையும் சொன்னேன்
எல்லோருக்கும் கேட்கும்படி.

படிவத்தில் எழுதினேன்:
இரண்டு மணித்தியாலம். பஸ் டிக்கெட் ஒன்று.

வீட்டுக்குப் பின்னால் எனக்கும் உண்டு
கட்டில் அகலத்தில் ஒரு துண்டு நிலம்.
வெண்டி வராது. பசளிக்கீரை வரும். நத்தை வரும்.
போன சித்திரையில்
நானும் ஒரு முள்ளெலியைப் பத்திரிகைத்தாளில் சுற்றினேன்,
குளிரில் செத்ததென்று எனக்கே சொல்லிக்கொண்டு.

அலுமாரியின் அடித்தட்டில்
பாதி தீர்ந்த பெட்டி.
அதன் முதுகில், பொடி எழுத்தில்,
எச்சரிக்கை மூன்று மொழியில்.
மூன்றும் எனக்கு வாசிக்கத் தெரியும்.