ஏழாவது கேள்வி

ஜிஸ்மி கஞ்சிக்கோட்டுக்காரி.
முதுகலை உளவியல், இரண்டாம் வருடம்.
ஆய்வேட்டுக்காக விடுதியில் அறை அறையாக ஏறி
படிவம் நீட்டிக்கொண்டிருந்தாள்.
ஓர் இரவுக்குச் சராசரியாக எத்தனை மணி நேரம் உறக்கம்?
ஆறு முதல் எட்டு என்று டிக் அடித்தேன்.
பேனா கூசவில்லை.

ஏழாவது கேள்வி:
படுத்த பிறகு கைப்பேசி பார்ப்பதுண்டா?
எப்போதாவது, என்றேன்.
அவள் என் கண்ணுக்குக் கீழே பார்த்தாள்.
எதையும் குறித்துக்கொள்ளவில்லை.

வாசலில் நின்று சிரித்தாள்:
"மொத வருஷம் எனக்கு ஒண்ணும் புரியல.
தூக்கம் இல்ல தூக்கம் இல்லன்னு எல்லாரும் சொல்றீங்க.
எங்களுக்குத் தூக்கம்னா எடை.
இவ்வளவு பரோட்டா தின்னும்
எடை ஏறலயேன்னு கவலப்படறாங்களோன்னு நெனச்சேன்."

விடுதி இருப்பது வாளையாருக்கு இந்தப் பக்கம்.
எனக்கு மேல் கட்டில்.
இடப்புறம் புரண்டால் நவக்கரை டவர்.
வலப்புறம் புரண்டால்
கேரளம் தங்களை வரவேற்கிறது என்று ஒரு குறுஞ்செய்தி.
ஒரே ராத்திரியில் நாலு தடவை எல்லை தாண்டுகிறேன்.
செக்போஸ்டில் யாரும் கை காட்டி நிறுத்துவதில்லை.

பதினொன்றரைக்கு
அனுசுயாவின் அண்ணன் கல்யாண ரீல்.
அதற்குக் கீழே யாரோ ஒருத்தியின் சமையலறை.
அவள் வெங்காயம் நறுக்கி முடிப்பதற்குள்
எனக்கு மணி ஒன்று.
நான் யாரையும் தேடவில்லை.
என்னையும் யாரும் தேடவில்லை.
கட்டைவிரல் மட்டும்
யாருடைய பணத்தையோ
எண்ணிக்கொண்டே இருக்கிறது.

கணவாய்க் காற்று ஜன்னல் கதவை அடித்தது.
கீழ்க் கட்டிலிலும் நீல வெளிச்சம்.
"தூங்கலயா?" என்று கேட்டால்
"நீ?" என்பாள். கேட்கவில்லை.

இரண்டே முக்காலுக்கு ஒரு ரயில்
ஹாரனை விடாமல் அழுத்தியபடி ஊர்ந்தது.
தண்டவாளத்துப் பக்கம் யானை நிற்கும்போல.
அது ஏன் விழித்திருக்கிறது என்று
யாரும் படிவம் நீட்டப்போவதில்லை.

அப்போதுதான் பார்த்தேன்:
ஜிஸ்மியின் படத்தருகே பச்சைப் புள்ளி.

"ஏழாவதுல பொய் சொல்லிட்டேன்" என்று அனுப்பினேன்.
பார்த்துவிட்டாள் என்று உடனே காட்டியது.
மூன்று புள்ளிகள் துள்ளின, அடங்கின,
மறுபடி துள்ளின.

"எல்லாருந்தான்" என்றாள்.

கொஞ்சம் கழித்து,
"நூத்தி நாப்பது படிவம்.
அதுல எல்லாரும் நல்லா உறங்குறீங்க.
நான்தான் முழிச்சிருந்து எண்ணிக்கிட்டு இருக்கேன்."

எட்டரைக்குப் பாய்ம இயக்கவியல் தேர்வு.
பதில் என்ன அடிப்பதென்று யோசிக்கும்போதே
விரல் தளர்ந்து
ஃபோன் நேராக மூக்கில் விழுந்தது.

தூக்கம்,
அவள் ஊர்க் கணக்கில்,
நூற்றெண்பத்தேழு கிராம்.